ஆங்கில மதிப்பெண் எதற்குத் தரப்படுகிறது? ஜூனிலேயே எழுத்தில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வரும்போது ஆங்கிலத்தில் எத்தனை பேர் தேர்ச்சி, எத்தனை பேர் நூற்றுக்கு நூறு என்ற கணக்கு எல்லா நாளிதழ்களிலும் வருகிறது. அந்த மதிப்பெண் எந்தெந்த வேலைக்காகத் தரப்பட்டது என்று கேட்பார் இல்லை. மாணவருக்கே அது தெரியாது. அரையாண்டுத் தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு மூன்று கிடைத்தால், குறைந்த இரண்டு எங்கே போயிற்று என்று கேட்கும் பிள்ளைக்கு ‘இன்னும் கொஞ்சம் நல்லா எழுதியிருக்கணும்’ என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை அடுத்த தேர்வில் எதைத் திருத்திக்கொள்ளும்?

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் தம் வகுப்புக்கான மதிப்பெண் விதிகளை ஒரே பக்கத்தில் எழுதி, ஜூன் மாதத்திலேயே மாணவரின் நோட்டில் முதல் பக்கமாக ஒட்ட வைக்க வேண்டும் என்பதே இக்கடிதத்தின் கோரிக்கை. ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் தாள் போதும். ஆனால் அந்தப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது அவ்வளவு எளிதான காரியமல்ல.

முதலில், தேர்வு எதைக் கேட்கிறது என்று பார்ப்போம். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் 2019-20 முதல் ஒரே தாள். 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, ஐந்து மதிப்பெண் வினாக்கள் 10, எட்டு மதிப்பெண் வினாக்கள் 2. ‘மினிமம் மெட்டீரியல்’ என்ற பெயரில் பள்ளிகளில் சுற்றும் கையேடுகள் இந்த அமைப்பை நன்றாக அலசித்தான் தயாராகின்றன. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் 14 வினாக்களில் பாதி கிடைத்தால் 7. மெமரி போயம் எனும் மனப்பாடக் கவிதைக்கு 5. ரோடு மேப்புக்கு ‘நேராகப் போ, இடப்பக்கம் திரும்பு’ என்ற மனப்பாட வரிகள் 2. கலைந்த சொற்களை வரிசைப்படுத்த 2. துணைப்பாடக் கதையின் வாக்கியங்களை வரிசைப்படுத்த 5. கொடுத்த கவிதை வரிகளிலிருந்தே விடை எடுக்கும் மூன்று வினாக்கள் 6. பத்தியைப் படித்து விடை எழுதும் வினாவில், பொருத்தமான வரிகளைப் பார்த்து எழுதினால் 8. கூட்டிப் பாருங்கள்: 35. சொந்தமாக ஒரே ஒரு ஆங்கில வாக்கியம்கூட எழுதாமல் ஒரு மாணவர் தேர்ச்சி பெற்றுவிட முடியும்.

கடைசி வரிசையில் தடுமாறும் பிள்ளையைக் கரையேற்ற இந்தக் கையேடுகள் உதவுகின்றன, அதில் தவறில்லை. ஜூன் மாதமே வகுப்பு முழுவதற்கும் இதையே பாடமாக்குவதுதான் தவறு. 35-க்கு இது போதும். 60-க்கு மேல் போக ஐந்து மதிப்பெண் வினாக்களில் எழுதத் தெரிய வேண்டும். அந்தப் பகுதிக்கு மட்டும் 50 மதிப்பெண். அதைக் கடைசி இரண்டு மாதத்தில் பிடிக்க முடியாது.

அந்த 50-ல்தான் திருத்துவோரிடையே வேறுபாடும் அதிகம். உரைநடைப் பத்தி விடையை எடுத்துக்கொள்வோம். கைடில் இருக்கும் விடை ‘இன்ட்ரொடக்ஷன்’ என்ற துணைத்தலைப்போடு தொடங்கும். நான்கு வரி ஆசிரியர் அறிமுகம் வரும். ஒரு பழமொழியோடு முடியும். எந்தப் பாடத்துக்கும் ஒட்டக்கூடிய அறிமுகம், எந்தப் பாடத்துக்கும் பொருந்தாத பழமொழி. துணைத்தலைப்புகள் கறுப்பு மையில் அடிக்கோடிட்டுப் பளிச்சென்று நிற்கும். நூற்றுக்கணக்கான தாள்களைத் திருத்தும் கண்ணுக்கு அந்த ஒழுங்கு பிடித்துப்போகிறது. நான்கு, நான்கரை விழுகிறது. பக்கத்துத் தாளில், அறிமுகமோ கோடோ இல்லாமல், கேட்ட கேள்விக்கு மட்டும் பத்து வாக்கியத்தில் சொந்தமாக எழுதியவருக்கு மூன்று. வாக்கியப் பிழை இரண்டு இருந்தால் இரண்டரை. இதைப் பார்த்த மாணவர் அடுத்த முறை சொந்தமாக எழுதுவாரா? கைடு வாங்கத்தான் போவார்.

இதைத் தடுக்க ஐந்து மதிப்பெண்ணையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். பாடக் கருத்துக்கு 2, அதாவது நான்கு கருத்துகளுக்கு அரை அரையாக, நிகழ்வுகளின் வரிசைக்கு 1, சொந்த வாக்கியங்களுக்கு 1, பிழையின்மைக்கு 1. இப்போதைய பத்தாம் வகுப்புப் பாடநூலின் முதல் உரைநடையில் வரும் கடற்பறவைக் குஞ்சு எப்படிப் பறக்கக் கற்றது என்பது கேள்வி என்றால், எதிர்பார்க்கும் கருத்துகள் இவை: உடன்பிறந்தவை பறந்துவிட, அது மட்டும் பயந்து பாறை விளிம்பில் நின்றது, பெற்றோர் அதட்டியும் தனியே விட்டும் பார்த்தனர், பசியால் தவித்தபோது தாய் மீனைக் காட்டி அருகில் வராமல் நின்றது, மீனை நோக்கிப் பாய்ந்து விழும்போது சிறகு விரிந்தது. இந்த நான்கும் இருந்தால் 2. இவற்றில் ஒன்று விட்டுப்போய், நூலாசிரியர் எந்த நாட்டுக்காரர் என்று எழுதியிருந்தால் ஒன்றரைதான். கேள்வியில் இல்லாத அறிமுகத்துக்கு மதிப்பெண் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இது தெரிந்துவிட்டால் இரண்டே தேர்வுகளில் அறிமுகங்கள் தாமாக உதிர்ந்துவிடும்.

‘சொந்த வாக்கியத்துக்கு 1’ என்பதைப் பலர் ஏற்கமாட்டார்கள். மனப்பாடம் செய்த பிள்ளையும் உழைத்திருக்கிறதே என்பார்கள். உழைத்திருக்கிறது, அதற்காகத்தான் ஐந்தில் நான்கு அந்தப் பிள்ளைக்கும் திறந்திருக்கிறது. ஐந்தாவது மதிப்பெண்ணையாவது தானே எழுதத் துணிந்தவருக்கு வைப்போம். பொதுத்தேர்வில் துறை தரும் விடைக்குறிப்பின்படிதான் திருத்துவார்கள் என்பது உண்மை. இந்தப் பிரிப்பு பள்ளித் தேர்வுகளுக்கானது. இதில் பழகியவர் பொதுத்தேர்வில் எந்தத் திருத்துநரிடம் போனாலும் கருத்தும் வரிசையும் கையில் இருக்கும்.

பிழைக்குக் குறைப்பதிலும் ஒரு முறை வேண்டும். எல்லாப் பிழையும் ஒன்றல்ல. ‘டிட் நாட் வென்ட்’ என்று எழுதுவது, எழுவாய் ஒருமையாக இருக்க வினையில் ‘எஸ்’ விடுவது, ஒரே விடையில் இறந்த காலமும் நிகழ்காலமும் மாறி மாறி வருவது ஆகியவை வினைச்சொல் பிழைகள், இவற்றுக்குக் குறைக்கலாம். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘த’, ‘எ’ விட்டுப்போவதும் காற்புள்ளி இல்லாததும் தமிழ் பேசும் பிள்ளைகளிடம் நெடுநாள் தங்கும் பிழைகள். நம் மொழியில் அந்த இடைச்சொற்கள் இல்லை. ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இவற்றைச் சுட்டிக்காட்டினால் போதும். கதை எழுதும் விடையில் மதிப்பெண் பறிக்க வேண்டாம். ஒரே சொல்லை ஐந்து இடத்தில் தப்பாக எழுதினால் அது ஒரு பிழை, ஐந்தல்ல. எதிர்மறை விட்டுப்போய்ப் பொருள் தலைகீழானால் மட்டும் அந்தக் கருத்துக்குரிய அரை மதிப்பெண்ணும் போகும்.

இலக்கண வினாக்களில் அரை விடைக்கு என்ன செய்வது என்பதும் பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது. ஒருவர் பேசியதை மாற்றிச் சொல்லும் அயற்கூற்றில் வினையைச் சரியாக மாற்றிவிட்டு ‘டுமாரோ’வை ‘த நெக்ஸ்ட் டே’ ஆக்க மறந்தவருக்கு இரண்டில் ஒன்று தரலாம். வினையே மாறாமல் மேற்கோள் குறியை மட்டும் நீக்கியவருக்கு ஒன்றுமில்லை. பிழை திருத்தும் வினாவில் ஐந்து வாக்கியம், ஐந்து மதிப்பெண். திருத்திய சொல்லை மட்டும் எழுதினால் போதுமா, முழு வாக்கியமும் வேண்டுமா என்று முன்பே சொல்லுங்கள். முழு வாக்கியத்தைப் பார்த்து எழுதும்போது புதிதாக ஒரு எழுத்துப்பிழை விழுந்து அதற்கு மதிப்பெண் போவது அடிக்கடி நடக்கிறது.

கடிதம், அறிவிப்பு, விளம்பரம் ஆகியவற்றில் சிக்கல் நேர்மாறானது. அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள், விளிப்பு, கையொப்பம் எல்லாம் இருக்கும். நடுவில் இரண்டு வரி. வடிவத்துக்கு 2, விஷயத்துக்கு 3 என்று வைத்தால் இப்படி எழுதியவருக்கு இரண்டரைக்கு மேல் போகாது. தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் எழுதினால் எந்தத் தெரு, எத்தனை நாளாக, யாருக்கு இடைஞ்சல், என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் இருக்க வேண்டும். படிப்பை முடித்த பிறகு உண்மையில் பயன்படப்போகும் பகுதி இதுதான்.

பள்ளித் தேர்வுகளில் வேண்டுமென்றே இறுக்கிப் பிடித்துத் திருத்தும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலாண்டிலும் அரையாண்டிலும் குறைத்துப் போட்டால் பிள்ளை பயந்து படிப்பான், பொதுத்தேர்வில் எப்படியும் கூடுதலாக வாங்கிவிடுவான் என்பது பல பள்ளிகளின் கணக்கு. 2020-ல் கொரோனா காரணமாகப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானபோது, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடும் வருகைப்பதிவுக்கு 20 விழுக்காடும் என்று வைத்துத்தான் சான்றிதழ் மதிப்பெண் கணக்கிடப்பட்டது. பயமுறுத்துவதற்காகப் போட்ட எண் அப்படியே நிரந்தரமாயிற்று. தாராளமாகப் போட்ட பள்ளியின் மாணவர்கள் தப்பித்தார்கள். அந்த நிலை மறுபடி வராமலே போகட்டும். ஆனாலும் ஒரு தேர்வின் மதிப்பெண், பார்க்கும் எவருக்கும் ஒரே பொருளைத் தர வேண்டும். கண்டிக்க வேண்டுமானால் வாயால் கண்டிக்கலாம்.

பன்னிரண்டாம் வகுப்பில் நிலைமை வேறு. அங்கே எழுத்துத் தேர்வு 90, பள்ளியே போடும் அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் 20 ஒரு மதிப்பெண் வினா, ஏழு இரண்டு மதிப்பெண், ஏழு மூன்று மதிப்பெண், ஏழு ஐந்து மதிப்பெண். தேர்ச்சிக்கு எழுத்தில் குறைந்தது 25, மொத்தத்தில் 35. அகமதிப்பீட்டின் 10-ல் வருகைப்பதிவுக்கு 2, பள்ளித் தேர்வுகளில் சிறந்த மூன்றுக்கு 4, ஒப்படைப்பு, செயல்திட்டம், களப்பயணம் போன்றவற்றுக்கு 2, கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2. பத்துக்குப் பத்து வாங்கியவர் எழுத்தில் 25 எடுத்தால் தேர்ச்சி. ஆறு வாங்கியவர் 29 எடுக்க வேண்டும். ஓரத்தில் நிற்கும் மாணவருக்கு இந்த நான்கு மதிப்பெண்தான் தேர்ச்சிக்கும் துணைத்தேர்வுக்கும் நடுவிலுள்ள கோடு.

இதனாலேயே பல பள்ளிகளில் எல்லாருக்கும் 10 போட்டுவிடுகிறார்கள். யார் வயிற்றில் அடிப்பானேன் என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் எல்லாருக்கும் 10 என்றால் அது மதிப்பெண்ணே அல்ல. தேர்ச்சி வரம்பை எழுத்துத் தேர்வில் 25 ஆக இறக்கியதற்குச் சமம். இதைவிட மோசமானது இன்னொரு வகை: பெரும்பாலானோருக்கு 10, ஆசிரியரிடம் எதிர்த்துப் பேசிய ஓரிருவருக்கு 7. எந்தப் பதிவேடும் இல்லாமல் போடும் 10-ஐ யாரும் கேள்வி கேட்பதில்லை; பதிவேடு இல்லாமல் போடும் 7-க்குப் பதில் சொல்ல முடியாது.

கணக்கு வைப்பது கடினமல்ல. சிறந்த மூன்று தேர்வுகளில் 50-க்கு 30, 35, 40 என்றால் மொத்தம் 150-க்கு 105. நான்குக்கு மாற்றினால் 2.8, முழு எண்ணாக 3. மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். வருகைப்பதிவுக்கு ஏற்கெனவே 2 மதிப்பெண் தனியாக இருப்பதால், வராத நாளில் நடந்த தேர்வுக்கு 0 போட்டு அதையும் கூட்டினால் ஒரே தவறுக்கு இரண்டு தண்டனை. சிறந்த மூன்றை எடுக்கும் விதி ஒரு தேர்வு தவறியவரைக் காக்கிறது. அம்மையோ விபத்தோ வந்து இரண்டு தேர்வு தவறியவருக்கு மறுதேர்வு ஒன்று வைக்க வேண்டும், அதே கடினத்தில், வேறு வினாக்களோடு. ஒப்படைப்பைத் தாமதமாகக் கொடுப்பவருக்கும் இதே நியாயம்: ஒரு வாரம் வரை முழு மதிப்பெண், அதன் பிறகு பாதி, பருவம் முடிந்த பின் இல்லை. முதல் நாளே வாங்க மறுத்து 0 போட்டால், அந்தப் பிள்ளை அந்த வேலையைச் செய்யவே போவதில்லை.

ஒப்படைப்பு என்றதும் கைபேசி நினைவுக்கு வரும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் தலைப்பைச் சொன்னால் பிழையில்லாத இரண்டு பக்கம் வந்துவிடுகிறது. அதைக் கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியதில்லை. ஒப்படைப்பு கொடுத்த நாளிலேயே, அதை மூடி வைக்கச் சொல்லி, அதே தலைப்பில் வகுப்பில் 15 நிமிடம் எட்டு வரி எழுதச் சொல்லுங்கள். இரண்டு மதிப்பெண்ணில் ஒன்று தாளுக்கு, ஒன்று இந்த எட்டு வரிக்கு. தானே எழுதியவருக்கு எட்டு வரி தடையே இல்லை.

பேச்சுக்கு மதிப்பெண் எங்கே என்று பெற்றோர் கேட்கிறார்கள். ‘பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் படிச்சும் நாலு வார்த்தை பேச வரலையே’ என்பது எல்லா ஊரிலும் கேட்கும் குறை. மேல்நிலையில் இரண்டு தாள் இருந்தபோது ஆங்கில இரண்டாம் தாளுக்கு எழுத்தில் 80 வைத்து, கேட்டல், பேசுதலுக்கு 20 ஒதுக்கியிருந்தார்கள். நடைமுறையில் அது 18-க்கும் 20-க்கும் இடையில் எல்லாருக்கும் போடும் சடங்காகிவிட்டது. 2018-19-ல் ஒரே தாள் ஆனபோது அதுவும் போயிற்று. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் எழுத்துக்கு 80, அகமதிப்பீட்டுக்கு 20. அந்த 20-க்குள் கேட்டலும் பேசுதலும் இன்றும் இருக்கின்றன. நம் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் எழுதும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்துப் பழக்கிவிட்டு, பத்தாம் வகுப்புக்கு வந்ததும் ஆங்கிலத்தில் முழுதும் எழுத்துதான்.

அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் ஒப்படைப்புக்குரிய 2-ஐ ஒரு வாய்மொழிச் செயல்திட்டமாக மாற்றலாம். 40 பேர் வகுப்பில் ஒரு பாடவேளைக்கு ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம் பேச்சு, ஒரு நிமிடம் கேள்வி. எட்டுப் பாடவேளையில் முடிந்துவிடும். ஒவ்வொன்றிலும் பாதி நேரம் பாடத்துக்கே மிஞ்சும். உச்சரிப்புக்கு மதிப்பெண் வைக்காதீர்கள். வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்குத்தான் அது போய்ச் சேரும். கேட்கும்படி பேசினாரா, தாளைப் பார்க்காமல் பேசினாரா, கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் சொன்னாரா, பேச்சில் ஒரு வரிசை இருந்ததா என்று நான்கு அரை மதிப்பெண். உதாரணத்துக்கு, சைக்கிள் பஞ்சர் ஒட்டும் விதத்தையோ ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்கும் விதத்தையோ சொல்லச் சொன்னால் மனப்பாடப் பேச்சு குறையும். ‘இயற்கை அன்னை’ என்று தலைப்புக் கொடுத்தால் கைடுதான் பேசும்.

இதையெல்லாம் செய்ய நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. மூன்று பிரிவு, பிரிவுக்கு 40 பேர் என்றால் 120 நோட்டு. ஒரு பத்தியைத் திருத்த மூன்று நிமிடம் என்றாலே ஆறு மணி நேரம். வாராவாரம் இது நடக்காது. நடந்ததாகக் காட்டும் நோட்டுகளில் சிவப்பு டிக்கும் தேதியும் மட்டும் இருக்கும். வாரத்துக்கு ஒவ்வொரு பிரிவிலும் பத்து நோட்டை முழுமையாகத் திருத்தி, மற்றவற்றில் அந்த வாரம் நடத்திய ஒரே இலக்கணத்தை மட்டும் பார்த்தால், நான்கு வாரத்தில் எல்லாருக்கும் ஒரு முழுத் திருத்தம் கிடைக்கும். பிழைக்குச் சரியான விடையை ஆசிரியரே எழுதித் தர வேண்டாம். அடிக்கோடிட்டு ஓரத்தில் காலப் பிழைக்கு ஒரு குறி, எழுத்துப் பிழைக்கு ஒரு குறி, சொல் விடுபட்டதற்கு ஒரு குறி. மாணவர் திருத்தி மீண்டும் எழுதிக் காட்டினால், பிழைக்குக் குறைத்த மதிப்பெண்ணில் பாதி திரும்பும். இந்தச் சலுகை வகுப்புத் தேர்வுகளுக்கு மட்டும்.

தலைமையாசிரியர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஒரே வகுப்பின் இரு பிரிவுகளுக்கு இரண்டு ஆங்கில ஆசிரியர்கள் இருந்தால், காலாண்டுத் தேர்வில் ஐந்து தாள்களை இருவரும் தனித்தனியே, ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாமல், பென்சிலில் திருத்தட்டும். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வேறுபட்டால் எந்த வினாவில் பிரிந்தோம் என்று பேசி, விதிப் பக்கத்தைத் திருத்திய பிறகே மற்றத் தாள்களைத் தொட வேண்டும். ஒரே ஆங்கில ஆசிரியர் உள்ள உயர்நிலைப் பள்ளிகளில் பக்கத்துப் பள்ளியோடு ஐந்து தாளை மாற்றிக்கொள்ளலாம். திருத்திய தாள் ஒரு வாரத்துக்குள் மாணவர் கையில் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் விடைத்தாள் நகல் வாங்கி மறுமதிப்பீடு கோரும் வழி இருக்கும்போது, பள்ளித் தேர்வில் ‘மார்க் கேட்டு வராதே’ என்று சொல்வது முறையல்ல. ‘சார், ஒரு மார்க் போடுங்க’ என்பதை ஏற்க வேண்டாம். எந்த வினா, விதியின் எந்த வரி என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மூன்று நாளுக்குள் கொடுத்தால், ஆசிரியர் அதே தாளில் பதில் எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில முதுகலை ஆசிரியர்,
விழுப்புரம் மாவட்டம்.